மூடிய கதவுக்கு இரண்டு நிமிடம்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாயா, அல்லது சின்னவன் ‘மாத்திரை போட்டியாம்மா’ என்று கேட்கும்போது மட்டும் ‘போட்டாச்சு’ என்கிறாயா?

ஒரு விஷயத்தில் உன் யோசனை வேண்டும். போனில் கேட்டால் யார் சொல்வதற்கும் நான் தலையாட்டிவிடுவேன் என்று, முக்கியமானதையெல்லாம் கடிதத்தில் எழுதச் சொன்னவள் நீதான். அதனால் எழுதுகிறேன்.

என் தராசு கதைகளில் முதலாவதைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க ஒரு நிறுவனம் கேட்டிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு யோசிக்க வராது. தராசு என்று ஊரார் கேலியாகக் கூப்பிடும் முத்திரை ஆய்வாளர், எடைக்கல்லைச் சோதிக்க ஒரு நகைக்கடைக்குப் போகிறார். என்னைப் போலவே பயந்த சுபாவம். மாடியில் முதலாளியின் அறைக்கதவைத் தட்டுகிறார். பதில் இல்லை. திரும்பிப் போகவும் பயம், திறக்கவும் பயம். மறுபடி தட்டிவிட்டு நிற்கிறார். அப்போது உள்ளே தாழ்ப்பாளை யாரோ மெதுவாகத் தள்ளும் சத்தம் கேட்கிறது. பிறகு ஆட்களை வரவழைத்துக் கதவைப் பெயர்த்துப் பார்த்தால் முந்தைய இரவே செத்துப்போன முதலாளி மட்டும் கிடக்கிறார். அப்படியானால் காலையில் தாழ்ப்பாள் போட்டது யார்? முழுக் கதையும் அந்தச் சத்தத்தில் தொங்குகிறது.

அவர்கள் அனுப்பிய திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். அதில் தராசுக்கு வயது முப்பது. மோட்டார் சைக்கிளில் வருகிறார். மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி ஏறி, கதவை ஓர் உதை உதைத்து உள்ளே போகிறார். தாழ்ப்பாள் சத்தத்துக்குப் பதிலாக ஒரு ரகசியக் கேமரா வைத்திருக்கிறார்கள்.

எனக்குத்தான் காலம் புரியவில்லையோ என்னவோ. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சின்னவன் அந்தத் தொழிலில்தானே இருக்கிறான்? இந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று அவனைக் கேட்டு எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் ரத்த அழுத்தம் என்னைவிட அமைதியாக இருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவு, புத்தகத்துக்கு அட்டை போடுவதை அப்புறம் பார்க்கலாம்.

கையெழுத்துப் போடு.

நான் இப்படிச் சொல்வேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை, தெரியும். நான்தானே எப்போதும் சண்டைக்காரி. பேருந்தில் சில்லறை தராத நடத்துநரிடம் நான் சண்டை போடும்போது, நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னைத் தெரியாதவன் போல உட்கார்ந்திருப்பாய். ஆனால் இதில் சண்டை எதற்கு? உன் புத்தகம் கடையிலேயே கிடைப்பதில்லை. இவர்கள் எடுத்தால் நாலு பேருக்குத் தெரியும். உதைத்தால் என்ன, தட்டினால் என்ன, கதவு திறந்தால் சரி.

அந்தக் கதைக்காக உன் அறைத் தரையில் எத்தனை தடவை நான் பிணமாகக் கிடந்திருக்கிறேன்! ‘கொஞ்சம் தள்ளிச் சாகு, ஜன்னலிலிருந்து தெரியுதான்னு பார்க்கணும்’ என்பாய். அவ்வளவு தடவை செத்தவள் சொல்கிறேன், கேள். தராசு கொஞ்சம் இளைஞனாகத்தான் இருந்துவிட்டுப் போகட்டுமே.

வேறு விசேஷம் இல்லை. இங்கே தண்ணீர்க் குழாய் உடைந்து சரிசெய்தார்கள்.

உடம்பு பத்திரம்.

தங்கை


மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

எண்ணெய் தடவுகிறேன், பலன் சுமார். குழாய் சரியானதில் மகிழ்ச்சி. நீ பளு தூக்காமல் இரு.

உன் பேச்சைத் தட்ட வேண்டாம் என்று பேனாவோடுதான் அந்த நிறுவனத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு. தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றேன். உள்ளே மேசையில் இருந்த பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறொருவர் வெளியே வந்தபோது நான் உள்ளே புகுந்துவிட்டேன்.

இயக்குநர் நல்ல மாதிரி. தாடி வைத்த இளைஞர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உங்க கதைய எங்க அப்பா விழுந்து விழுந்து படிப்பார் சார்.”

“நீங்க படிச்சீங்களா?”

“நான் சுருக்கம் படிச்சேன் சார். சூப்பர்.”

“அதுல ஒரு கதவு...”

“எந்தக் கதவு சார்?”

“இப்ப உதைக்கிறாரே, அது. கதையில தட்டுவார்.”

“தட்டுவார். சரி. அப்புறம்?”

“நிப்பார்.”

“நின்னு என்ன பண்ணுவார்?”

“மறுபடியும் தட்டுவார்.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இயக்குநர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், உதைச்சா ரெண்டு செகண்டு. தட்டிட்டு நின்னா ரெண்டு நிமிஷம். மூடின கதவை ரெண்டு நிமிஷம் எவன் சார் பார்ப்பான்? ரிமோட்டு அவன் கையில இருக்கு. நாம கதவைத் திறக்கறதுக்குள்ள அவன் பாட்டு சேனலுக்குப் போயிருப்பான்.”

அவர் தொழிலில் அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கலாம். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று எழுந்துவிட்டேன். ஏப்ரல் முடியும்வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.

சின்னவனைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தேன். மறந்திருப்பாய். உன் போன கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலம் விரும்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கொஞ்சம் வேலை.

சின்னவன் நன்றாக இருக்கிறான். சரியாகத் தூங்குவதில்லை, அவ்வளவுதான். அந்த நிறுவனம் நல்ல நிறுவனம் என்று கேள்வி.

புத்தகத்தில் இருக்கும் கதவை யாரும் வந்து உதைக்கப்போவதில்லை. அது அங்கேயே இருக்கும். நீ கையெழுத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு. நான் உன்னிடம் அதிகம் எதுவும் கேட்டதில்லை.

வெயிலில் அலையாதே.

தங்கை


ஏப்ரல் 18

அன்புள்ள தங்கைக்கு,

வெயிலுக்கு முன்பே கடைக்குப் போய் வந்துவிடுகிறேன். நீயும் மதியத்தில் மாடி ஏறாதே.

உன் கடிதம் கிடைத்தது. மூன்று மாதங்களுக்கு முன்னால் வரைக்கும், சின்னவன் பல்வலிக்கே நீ எனக்கு இரண்டு பக்கம் எழுதுவாய். இப்போது இரண்டு வரி. ‘அதிகம் எதுவும் கேட்டதில்லை’ என்றும் எழுதியிருக்கிறாய். அது உன் வழக்கமான பேச்சு இல்லை. நீ கேட்பாய், கேட்டு வாங்குவாய்.

அதனால் திரைக்கதையை மறுபடியும் எடுத்து உட்கார்ந்தேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. என் புத்தி எதையும் வரிசையாக வைத்தே பழகிவிட்டது.

புத்தகத்தில் நகைக்கடை முதலாளி மல்லாந்து கிடக்கிறார், கைகள் விரிந்திருக்கின்றன. திரைக்கதையில் வேறு மாதிரி இருக்கிறது. ‘ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். இடது கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்து, முழங்காலை மடக்கி, தூங்குபவர் போல.’ கொலையுண்டவர் அப்படிப் படுப்பது இயற்கையே இல்லை. கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அப்படிப் படுத்த ஒரு பிணத்தை எனக்குத் தெரியும். தரை குளிர்கிறது என்று ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்து, கடைசியில் நிஜமாகவே தூங்கிப்போய்விடும். ‘பிணம் குறட்டை விடாதுடி’ என்று நான் எழுப்புவேன்.

இந்தக் கதையை நீ யாரிடம் சொல்லியிருப்பாய்? ஒருவனிடம்தான் சொல்லியிருப்பாய், அவன் சோறு உண்ணமாட்டேன் என்று அடம்பிடித்த நாட்களில்.

முகப்பில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் எழுதியது சின்னவன்தான் என்று நினைக்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. என் அக்கறை முழுவதும் அவன்மேல் போய்விடும், கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதான் நானே நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து அந்த உதையைப் படித்தால் கை மடங்கிக்கொள்கிறது. அவன் எழுதியிருந்தாலும் அது தராசு இல்லை. வெள்ளிக்கிழமை போய் முடியாது என்று சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் நீ எழுதுவாய் என்று காத்திருப்பேன்.

அண்ணன்


மே 2

அன்புள்ள தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. உடம்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு வரியாவது எழுது. நான் நலம்தான்.

சொல்லிவிட்டேன்.

போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அங்கே போனதும் மறந்துவிட்டது. இயக்குநர் ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தார்.

“பேனா கொண்டு வந்திருக்கீங்களா சார், நான் தரட்டுமா?”

“கொண்டு வந்திருக்கேன். ஆனா போட முடியாது.”

“மை தீர்ந்துடுச்சா?”

“மை இருக்குங்க.”

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தாடியைத் தடவிக்கொண்டார்.

“மறுபடியும் அந்தக் கதவா? சார், நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பயந்தாங்கொள்ளி ஹீரோவை யாரு சார் பார்ப்பாங்க?”

“பயப்படறவங்க பார்ப்பாங்க. அவங்க நிறையப் பேர் இருக்காங்க.”

“அவங்க நிஜத்துல பயப்படறாங்க, அதனாலதான் டிவியில உதைக்கறவனைப் பார்க்கறாங்க!”

“இருக்கலாம். ஆனா அந்தத் தாழ்ப்பாள் எப்படி விழுந்துதுன்னு உதைக்கறவனுக்குத் தெரியாது. யாராவது கதவைத் தட்டினா நான் அப்படித்தான் சத்தம் வராமத் தாழ்ப்பாள் போடுவேன். கட்டைவிரலால பிடிச்சுக்கிட்டு, மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா. பயந்தவன் தாழ்ப்பாள் போடற சத்தம் இன்னொரு பயந்தவன் காதுக்குத்தான் கேக்கும். தராசு அதைக் கேட்டதும் உள்ள இருக்கறவன் திருடனில்ல, முரடனில்ல, தன்னை மாதிரி ஒருத்தன்னு கண்டுபிடிக்கறார். அதுதாங்க கதை. அவர் தைரியசாலின்னா கொலைகாரன் தப்பிச்சுடுவான்.”

இவ்வளவையும் நான்தான் பேசினேன் என்று இப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாதியில் குரல் கிறீச்சிட்டது. அந்த மேசைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எடுத்துக் குடிக்கப் போனதில் பாதி ஒப்பந்தத்தின் மேல் சிந்தியது. வேண்டுமென்றே சிந்தவில்லை.

“வேற கதை நிறைய இருக்கு சார், எங்களுக்கு,” என்றார் இயக்குநர்.

“இருக்கட்டும்ங்க,” என்றேன்.

எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவுமில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


மே 10

அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் நலம்தான் என்று தெரிகிறது, இல்லாவிட்டால் அவ்வளவு பேசியிருக்க முடியாது.

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன்.

ஆமாம், அவன்தான் எழுதினான். எத்தனை வருடமாக மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு, மற்றவர்கள் வசனத்தை நகல் எடுத்துக்கொண்டு இருந்தான் தெரியுமா உனக்கு? முதல் தடவையாக ஒரு தொடர் அவன் கைக்கு வந்தது. அதுவும் எப்படி வந்தது? அவனே உன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், ‘இதை எடுக்கலாம் சார்’ என்று ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். ‘மாமாவுக்குத் தெரிஞ்சா எனக்காகப் போட்டுடுவார்மா. எழுதினது நல்லா இருக்குன்னு போடணும்’ என்றான். நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்! என் வாயை!

உனக்கோ கண்டுபிடித்துவிட்ட பெருமை. கண்டுபிடித்தபின்னும் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாய். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் ‘சரிங்க’, பால்காரர் தண்ணீர் ஊற்றினால் ‘பரவாயில்லைங்க’. ஆயுசில் ஒரு தடவை உனக்குத் தைரியம் வர, என் மகன்தானா கிடைத்தான்?

திரைக்கதையை மூடிவிட்டார்கள். அவன் சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், வருகிறான். ஒன்றும் சொல்வதில்லை. உன்மேல் கோபம் என்றாவது சொன்னால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அதுவும் சொல்வதில்லை.

எண்ணெய் தடவுவதை நிறுத்தாதே. கோபம் வேறு, முழங்கால் வேறு.

தங்கை


மே 23

அன்புள்ள மாமா,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். அம்மா உங்களுக்கு ஏதோ எழுதிவிட்டு, தபாலில் போட்டபின் இரண்டு நாள் பாத்திரங்களை எல்லாம் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து என்ன எழுதியிருப்பாள் என்று தெரிந்துகொண்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் இயக்குநரிடம் பேசியபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். இடையில் பலகைச் சுவர். எல்லாம் கேட்டது. எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

மாமா, நான் முதலில் எழுதியதில் தராசு கதவைத் தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார். நீங்கள் எழுதியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். இயக்குநர் ‘உதைக்கட்டும்’ என்றார், ‘சரி சார்’ என்றேன். ‘வயதைக் குறை’ என்றார், ‘சரி சார்’. ‘மோட்டார் சைக்கிள்’ என்றார், ‘என்ன நிறம் சார்’ என்று கேட்டேன். பிணம் படுத்திருந்த விதத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, அதனால் அது தப்பித்தது. கடைசியில் என் பெயரைக்கூட, ‘புதுப் பெயர், எடுபடாது’ என்று மாற்றினார்கள். அதற்கும் சரி.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. இயக்குநரின் மேலதிகாரிக்கு உங்கள் பேச்சு எப்படியோ எட்டி, மூடியதைத் திறந்திருக்கிறார்கள். உங்களுக்கு இன்னொரு ஒப்பந்தம் வரும். அதில் வயதான தராசு இருப்பார், கதவு இருக்கும், தட்டுவார், நிற்பார். எல்லாம் நீங்கள் சொன்னபடி. எழுதுவதற்கு மட்டும் வேறு ஒரு பெரிய எழுத்தாளரை வைக்கிறார்கள். ‘தாழ்ப்பாள் விஷயம் உனக்கே தோணலையேப்பா’ என்றார் இயக்குநர். முதல் பிரதியை அவரே அடித்துத் தள்ளியது அவருக்கு ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கையெழுத்துப் போடுங்கள் மாமா. என்னைப் பற்றி நினைக்காதீர்கள். அந்தக் கதவு திரையில் வந்தால் எனக்குப் போதும்.

அன்புடன்,
சின்னவன்


ஜூன் 1

அன்புள்ள மருமகனுக்கு,

நலம். நீ சரியாகத் தூங்குவதில்லை என்று உன் அம்மா எழுதியிருந்தாள், தூங்கு.

நீ சொன்ன ஒப்பந்தம் வந்தது. அழகான காகிதம். நான் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. இனி நான் மறுக்க ஒரு காரணமும் இல்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் ஒரு பொழுது அப்படித்தான் நினைத்தேன். கதவு கிடைத்துவிட்டது, அதற்குமேல் ஒரு கிழவனுக்கு என்ன வேண்டும்?

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. ‘நீங்கள் எழுதியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றார்.’ புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். நான் அவசரப்பட்டிருக்கிறேன். வாசகர் புரட்டிவிடுவாரோ என்று பயந்து, தராசை ஒரு பத்தி முன்னாலேயே கதவிலிருந்து நகர்த்தியிருக்கிறேன். நீ நகர்த்தவில்லை.

பெரிய எழுத்தாளர் கதவை எழுதுவார். அதன்முன் நிற்க அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஆகவே ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ‘முதல் பிரதியை எழுதியவர் எழுத வேண்டும், அவருடைய சொந்தப் பெயரில். இல்லையென்றால் தராசு வரமாட்டார்’ என்று எழுதியிருக்கிறேன். கடைசி வாக்கியத்தைச் சற்று மரியாதையாக எழுதியிருக்கலாமோ என்று தபால்பெட்டியில் போட்டபின் தோன்றியது. பெட்டி திறக்காது, நல்லவேளை.

என்னைக் கேட்காமல் ஏன் செய்தீர்கள் என்று நீ கேட்கலாம். கேட்டிருந்தால் நீ ‘சரி மாமா, போட்டுடுங்க’ என்றிருப்பாய்.

உன் அம்மாவுக்கு நீயே சொல். எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா


ஜூலை 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். மாத்திரை நிஜமாகவே போட்டுக்கொள்கிறேன், இந்த வீட்டில் நடப்பதற்கு அது வேண்டியிருக்கிறது.

உன் நிபந்தனையைப் படித்துவிட்டு அவர்கள் தராசை ஒரேயடியாகக் கைகழுவிவிட்டார்கள். சொந்தமாக ஒரு துப்பறிவாளனை உண்டாக்கிக்கொண்டார்கள். விளம்பரம் பார்த்திருப்பாய், ஒரு நிமிடத்துக்குள் நாலு கதவை உடைக்கிறான், அதில் ஒன்று ஏற்கெனவே திறந்திருக்கிறது. அந்தத் தொடருக்கு வசனத்தை நகல் எடுக்கும் வேலையைச் சின்னவனுக்குக் கொடுத்தார்கள். மறுநாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான்.

“என்னடா, உடம்பு சரியில்லையா?”

“வேலைய விட்டுட்டேன்மா.”

“அனுப்பிட்டாங்களா?”

“இல்லம்மா. நானே வந்துட்டேன். யாரும் கவனிக்கல.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ ஒருத்தன் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டாய், அது ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அவன் கையலம்பிவிட்டு வந்து உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். வெகுநாளாகிவிட்டது அப்படிச் சாப்பிட்டு. நான் மறுசோறு போட்டேன்.

மே மாதம் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. தப்பு என்று சொல்லவில்லை, வைத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

பையோடு உன் வீட்டுக்குக் கிளம்புகிறான். தராசை முழுவதுமாக எழுதிப் பார்க்கப் போகிறானாம். வாங்க ஆள் இருக்கிறதா என்றேன். இல்லை என்றான். அப்புறம் எதற்கு என்றேன். சிரித்தான். அவனுக்கு ராத்திரி மின்விசிறி வேகமாக ஓட வேண்டும், நீ குறைத்துவிடாதே.

தங்கை


ஆகஸ்ட் 20

அன்புள்ள தங்கைக்கு,

இருவரும் நலம். மின்விசிறி வேகமாகத்தான் ஓடுகிறது, நான் காதுவரை போர்த்திக்கொண்டு படுக்கிறேன். மே மாதக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீ எனக்கு எழுதியதிலேயே அதுதான் நல்ல நடை.

உன் மகன் என் மேசையை எடுத்துக்கொண்டான். நான் ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவுக் காட்சியை எழுதி முடித்துவிட்டான். வசனமே இல்லை. படித்து முடிக்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், கதை எழுதியவனே நான்தான் என்றாலும். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். தராசு நகைக்கடைக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, கொலை நடந்த விதத்தை ஆதியோடு அந்தமாக விளக்கி, முதலாளியைக் கொன்ற கூட்டாளியை நோக்கி விரலை நீட்டுவாரே, அது. வாசகர்கள் என்னைப் பாராட்டி எழுதியதெல்லாம் அந்த இடத்துக்காகத்தான். அவன் படித்துவிட்டுப் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்தான்.

“மாமா, யாரு இவன்?”

“யாரு?”

“இந்த விரலை நீட்டறவன்.”

“தராசுதான்டா.”

“தராசு இல்ல. தராசு ஒரு கதவைத் தட்டறதுக்கே வேர்த்து ஊத்தறவர். இவன் ஒரு கூட்டத்தையே உட்கார வச்சு மேடைப் பேச்சு பேசறான். தண்ணிகூடக் குடிக்கல. இவன் வேற ஆளு.”

“துப்பறியும் கதைன்னா கடைசியில எல்லாரையும் கூட்டிவச்சுச் சொல்லணும். அதுதான் முறை.”

“யாரு போட்ட முறை?”

இத்தனை வருடத்தில் ஒரு வாசகரும் என்னை இதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“யாரோ போட்டாங்க. நீ இருக்கறபடி எழுது.”

“முடியாது மாமா.”

“என்னது?”

“முடியாது. நான் எழுதமாட்டேன். தராசு அங்க பேசமாட்டார்.”

“பேசாம கொலைகாரனை எப்படிப் பிடிப்பார்?”

“தெரியல. யோசிக்கணும். ஆனா பேசமாட்டார்.”

“கதை என்னுதுடா!”

“உங்களுதுதான். அதுக்காக அந்த ஆளை இப்படிப் பண்ணுவீங்களா?”

தங்கச்சி, எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாடிப்படியில் இறங்கித் தெருமுனைவரை போனேன். அங்கே மின்சாமான் கடையின் தொலைக்காட்சியில் அந்தக் கதவு உடைப்பவன் எதையோ உடைத்துக்கொண்டிருந்தான். பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். நானும் கொஞ்சம் பார்த்தேன். நன்றாகத்தான் உடைக்கிறான். திரும்பி வந்தேன். உன் மகன் எழுந்து நிற்கவுமில்லை, ‘சரி மாமா’ என்று சமாதானம் சொல்லவுமில்லை. வெற்றுத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். எனக்கு இயக்குநர்மேல் லேசாக இரக்கம் வந்தது.

அவன் கேட்டது சரியான கேள்வியா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். சரிதான் என்று படுகிறது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. புத்தகத்தில் அச்சானது அச்சானதுதான், அதிலிருந்து நான் இறங்கமாட்டேன். அவனும் இறங்குவதாக இல்லை. டீ போட்டுக் கொடுக்கிறான், குடிக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தடவிவிடுகிறான், தடவிக்கொள்கிறேன். கடைசி அத்தியாயம் என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் எழுந்து போய்விடுகிறோம். யாரும் வாங்கப்போகாத ஒரு நாடகத்துக்காக இந்த வீட்டில் இவ்வளவு சண்டை.

நீ யார் பக்கம் என்று உடனே எழுது. அவன் பக்கம் என்றால் கடிதத்தை அவன் பெயருக்குப் போடு, நான் பிரிக்கமாட்டேன்.

அண்ணன்